தூரக்கண்ணாடி மேல் விழுந்த பழி

வேங்கைமங்கலத்து ராஜா விசயரங்க பூபதிக்குச் சீமையிலிருந்து ஒரு துப்பாக்கி வந்தது. அதன் முதுகில் ஒரு தூரக்கண்ணாடி. எட்டத்தில் வைத்த பூசணிக்காய் அதில் மூக்கருகே வந்து நிற்கும். ராஜா ஆசை ஆசையாகக் கண்ணை ஒட்ட வைத்துச் சுட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்தது. கண்ணாடி விளிம்பு புருவத்தில் பிறைபோல ஒரு வெட்டுப் போட்டது. மறுநாள் சபையில் எல்லார் புருவத்திலும் குங்குமப் பிறை! ராஜபக்தி என்றால் சும்மாவா?

அன்று முதல் ராஜா சுடும்போது பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ராஜாவே மூடிய பிறகு மற்றவர்கள் திறந்து வைத்திருந்தால் மரியாதையாக இருக்குமா? சபையே கண்ணை மூடி, காதில் விரலும் வைத்துக்கொள்ளும். பூசணிக்காய் மட்டும் பத்திரமாக இருந்தது.

"கண்ணாடிக்கு மாறுகண், பிரபு" என்றார் திவான் சேஷகிரி.

"திருகாணியும் சரியில்லை" என்றார் தளபதி மருதப்பர்.

ராஜா ஆயுதசாலைக் காவலன் மாசிலாவைக் கூப்பிட்டார். "நாளைக்குள் கண்ணாடியைச் சரிசெய். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சிறை!"

மாசிலா கண்ணாடியைத் துடைத்தான், திருகாணிகளை முடுக்கினான், மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டான். குண்டு நட்டநடுவில் பாய்ந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் அழுதுகொண்டே சபைப் புலவர் பொன்னரங்கத்திடம் ஓடினான்.

"அண்ணே, கண்ணாடியில ஒரு குறையும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டுச் சுடுறீங்கன்னு ராஜாகிட்ட யாரு சொல்றது? சொன்னா தலை போயிடும். சொல்லாட்டி சிறை."

பொன்னரங்கம் யோசித்தார். அவருக்கும் இருப்பது ஒரே தலைதான். "நாம சொல்ல வேண்டாம்டா. சொல்ல வேண்டியவங்களையே சொல்ல வைப்போம்" என்றார்.

மறுநாள் துப்பாக்கியை அவரே எடுத்து நீட்டினார். ராஜா குறிபார்த்தார். சபையில் எல்லாக் கண்ணும் மூடின, எல்லாக் காதும் அடைபட்டன. ராஜா விசையை இழுத்தார். 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

ராஜா வாயைத் திறப்பதற்குள் திவான் கூவினார். "பார்த்தேன் பிரபு! குண்டு ஒரு முழம் இடப்பக்கம் போயிற்று. எல்லாம் இந்தக் கண்ணாடியால்!"

தளபதி விடுவாரா? "இல்லை, வலப்பக்கம்! என் கண்ணாலேயே பார்த்தேன்!"

பொன்னரங்கம் உள்ளங்கையை விரித்தார். அதில் தோட்டா இருந்தது. "மன்னிக்க வேண்டும் பிரபு, நான்தான் எடுத்துவிட்டேன். போடாத குண்டையே பார்த்த கண்கள் இவை! பூசணிக்காய்க்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றால், போட்ட குண்டு போகும் வழியைப் பிசகில்லாமல் சொல்லிவிடுவார்கள்."

"நல்ல யோசனை. போய் நில்லுங்கள்!" என்றார் ராஜா.

தோட்டா போட்டாயிற்று. துப்பாக்கி உயர்ந்தது. திவான் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"பிரபு! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கண்ணைத் திறந்துகிட்டுச் சுடுங்க!"

ராஜா துப்பாக்கியை இறக்கினார். "நான் கண்ணை மூடுவது உமக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் பிரபு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அலறினார் தளபதி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசிலாவுக்குச் சிறை இல்லை, பொன்னரங்கத்துக்கு முத்துமாலை. பிறகு திவானைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமேல் உம்மிடம் யோசனை கேட்பதென்றால், பூசணிக்காய்ப் பக்கத்தில் நிறுத்தித்தான் கேட்பேன்!"