துப்பு இருந்தது

கோவளம் கடற்கரையில் மறுநாள் அலைச்சறுக்குப் போட்டி. படம் எடுக்க வந்த பத்ரிநாத்துக்குக் கையில் பெரிய கேமரா, வாய் நிறையப் பேச்சு. அலைக்குள் இறங்கிப் படம் பிடிக்கத் தன்னை விட்டால் ஆளே இல்லை என்று அளந்துகொண்டிருந்தார்.

மீன்காரி மகள் அமலோற்பவம் தன்னுடைய சின்னக் கேமராவோடு போய், "நானும் எடுக்கட்டுமா சார்?" என்றாள்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு உனக்குத் துப்பு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்படியா! ஒரே அலைதான். சறுக்கிட்டு வர்ற தர்மன் மூஞ்சி தெளிவா விழணும். விழுந்தா நாளைக்குப் போட்டியை நீயே எடு. இல்லேன்னா கேமராவைத் தூக்கிப் பரண்மேல போடு."

இருவரும் கடலில் இறங்கினார்கள். பத்ரிநாத் கேமராவின் முன்கண்ணாடியைப் பட்டுத்துணியால் பளபளவென்று துடைத்திருந்தார். அமலோற்பவம் தன் கேமராக் கண்ணாடியில் 'தூ' என்று துப்பி, விரலால் தடவி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கினாள்.

"சீச்சீ! கேமரா மேல துப்புறியே, உருப்படுமா?"

ஒரு சின்ன அலை இருவர் தலையிலும் கொட்டிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே வந்த பெரிய அலையில் தர்மன் சீறிக்கொண்டு வந்தான். இருவரும் படம் பிடித்தார்கள்.

கரையேறிப் பார்த்தால், பத்ரிநாத்தின் படம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு சொட்டு தர்மனின் மூக்கிலேயே உட்கார்ந்து, அதைப் பூசணிக்காயாக்கியிருந்தது. அமலோற்பவத்தின் கண்ணாடியில் எச்சில் பட்டதால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோடியிருந்தது. படத்தில் தர்மனின் அரும்புமீசைகூடத் தெரிந்தது.

"எப்படி?" என்றார் பத்ரிநாத்.

"நீங்கதானே சார் துப்பு இருக்கான்னு கேட்டீங்க? வாய் நிறைய இருந்துச்சு."