சுவருக்குள் கேட்ட கீச்சுக்குரல்

புளியந்தோப்பை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டில் மிளகி என்றொரு பூனை இருந்தது. அது போட்ட மூன்று குட்டிகளையும் வீட்டுக்காரர் சடையப்பன் ஒரு கூடையில் வைத்துக் கொண்டுபோய் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து மிளகிக்குச் சோறு இறங்கவில்லை. அடுக்களை, பரண், வைக்கோல் போர் என்று அது தேடாத இடமில்லை.

ஒருநாள் மத்தியானம் கூடத்துச் சுவருக்குள்ளிருந்து "கீச்! கீச்!" என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தது. மிளகி காதை விடைத்தது. எலியா? எலி நாற்றம் இல்லையே! பல்லியா? பல்லி பாலுக்கு அழாதே!

வெளியே போய்ப் பார்த்தது. வீடு கட்டியபோது சாரக் கம்பு செருகிய பொந்து ஒன்று அடைபடாமல் கிடந்தது. வாயில் தேங்காய் நாரோடு ஓர் அணில் அதற்குள் நுழைந்தது.

"ஓகோ, அணில் பிள்ளைங்க!"

அணிலும் நல்ல தீனிதான். ஆனால் மிளகிக்கு அந்த எண்ணமே வரவில்லை. அந்தக் குரல் அப்படியே தன் குட்டிகளின் குரலாக இருந்தது. தினமும் சுவரோரம் போய்க் காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்காரும். கேட்கக் கேட்க ஏக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை, பாவம்!

சடையப்பன் இதைக் கவனித்தார். பெரிய துப்பறிகிறவர் அல்லவா!

"ஏ தாயம்மா, பூனை சும்மா உக்காருமா? சுவத்துக்குள்ள எலி இருக்கு!" என்று மனைவியிடம் சொன்னார்.

"அப்ப பொந்தை அடைச்சுத் தொலைங்க! உள்ளயே கெடந்து சாகட்டும்!"

அணில் இரை தேடப் போயிருந்தது. சடையப்பன் சிமெண்டைக் குழைத்துப் பொந்தை அப்பி மெழுகிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த அணில் பதறிப்போனது. பிறாண்டிப் பார்த்தது, அதன் நகத்துக்குச் சிமெண்ட் மசியவில்லை. நேராக மதில்மேல் இருந்த மிளகியின் முன்னால் வந்து நின்றது. அணில் தானாகப் பூனை முன்னால் வந்து நிற்கிறதென்றால் அதன் தவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

"பூனையக்கா, உன்னாலதான் வந்துச்சு வினை! நீ சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்த. அவங்க எலின்னு நெனச்சு அடைச்சுட்டாங்க!"

மிளகிக்குச் சுருக்கென்றது. "நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்! ஒரு கெடுதலும் நெனக்கலையே!"

"நெனச்சியோ இல்லியோ, என் பிள்ளைங்க உள்ள இருக்கு! சிமெண்டு இறுகுறதுக்குள்ள பறிச்சு விடு. அப்புறம் என்னைத் தின்னாலும் சரி!"

"பறிக்கிறேன். ஆனா பிள்ளைங்களை அங்கேயே வச்சிருப்பியா? தினம் ஒரு தடவை குரல் கேட்டாப் போதும் எனக்கு."

"நீ கேக்க உக்காருவ. அவங்க மறுபடி அடைப்பாங்க. முடியாதுக்கா! தோப்போட அந்தக் கோடிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்."

மிளகி மதிலிலிருந்து குதித்துப் பொந்தின் அடியில் போய் நின்றது. திறந்தால் அந்தக் குரல் இன்றைக்கே போய்விடும். திறக்காவிட்டால் கொஞ்ச நாள் கேட்கும். அப்புறம் ஒரேயடியாக அடங்கிவிடும். உள்ளே ஒரு பிள்ளை "கீச்!" என்றது. கூடைக்குள்ளிருந்து தன் குட்டிகள் கத்தியது அதற்கு நினைவு வந்தது. அன்று தெருமுனை வரை ஓடியும் கூடையை எட்ட முடியவில்லை.

மிளகி எழும்பி நின்று, ஈரச் சிமெண்டைப் பறிபறியென்று பறித்தது. நகம் பெயர்ந்தது. பொந்தும் திறந்தது!

அணில் ஒவ்வொரு பிள்ளையாகக் கவ்விக்கொண்டு தோப்புக்கு ஓடியது. கடைசிப் பிள்ளையை மட்டும் மிளகியின் முன்னால் ஒரு கணம் இறக்கி வைத்தது. மிளகி அதை ஒரே ஒரு தடவை நக்கிக் கொடுத்தது. பிறகு தானே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தூக்கிட்டுப் போ! சீக்கிரம் போயிரு!"

மறுநாள் கூடத்துச் சுவரில் சத்தமே இல்லை. திறந்து கிடந்த பொந்தைப் பார்த்துச் சடையப்பன் பூரித்துப்போனார். "பாத்தியா தாயம்மா, சிமெண்டையே பேத்து எலியைப் பிடிச்சிருக்கு!" என்று மெச்சி, பெரிய மீன் தலையாகப் பார்த்துப் போட்டார். மிளகி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோப்புப் பக்கமே காதை வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தது.

ஒன்றின்மேல் உண்மையாகவே பாசம் இருந்தால், அது பிழைப்பதற்காக அதைப் பிரியவும் மனம் துணிய வேண்டும்.