சன்னாசி போட்ட சத்தம்

முதியோர் வைத்தியத்தில் பேர் பெற்ற மங்கையர்க்கரசியிடம் சீடர்கள் நிலைப்பதில்லை. இளமாறன் நான்கு மாதம் தாக்குப்பிடித்திருந்தான். அதில் அவனுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

அன்று காலை, தொண்ணூற்றாறு வயது சன்னாசியை வீட்டுக்கு அனுப்ப அவனே கையெழுத்துப் போட்டுவிட்டான். வாசலில் ஆட்டோ நின்றது. எழுபது வயது மகள் செல்லத்தாயி போர்வையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

மங்கையர்க்கரசி உள்ளே வந்தார். "எங்கே கிளப்புறே இவரை?"

"காய்ச்சலே இல்லம்மா. மூணு வேளையும் பார்த்துட்டேன். லேசான சளிதான்."

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கலம்மா" என்றாள் செல்லத்தாயி. "என்னைப் பார்த்து, செத்துப்போன அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. வயசாயிருச்சில்ல."

மங்கையர்க்கரசி கைக்கடிகாரத்தையும் கிழவரின் மார்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிடம் எண்ணினார்.

"நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு. இருபதைத் தாண்டக் கூடாது."

இளமாறன் அவசரமாகத் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தான். "தொண்ணூத்தேழரைதாம்மா. கிருமி உள்ளே நுழைஞ்சிருந்தா உடம்பு கூப்பாடு போட்டிருக்காதா?"

தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த பதில் அது.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "பாட்டி, வரீங்களா, இல்ல நானும் இங்கேயே படுத்துக்கட்டுமா?"

மங்கையர்க்கரசி கட்டிலில் உட்கார்ந்தார். "உங்கப்பா என்ன வேலை பார்த்தாரு?"

"நெல்லு மண்டியில முப்பது வருசம் காவல். ஒரு சத்தம் போட்டா மூணு தெரு எந்திரிச்சுரும்."

மங்கையர்க்கரசி கிழவரின் காதருகே குனிந்தார். "ஐயா, மண்டிக்குள்ள திருடன். சுவரேறிக் குதிச்சுட்டான். கத்துங்க!"

சன்னாசியின் கண்கள் விரிந்தன. கை கட்டில் கம்பியைப் பற்றியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. வாய் முழுதாகத் திறந்தது.

காற்று மட்டும் வந்தது.

செல்லத்தாயி பையைக் கீழே வைத்தாள்.

"கத்தினாரா?" என்றார் மங்கையர்க்கரசி.

"சத்தம் வரலையேம்மா" என்றான் இளமாறன்.

"சத்தத்தை விடு. கத்தினாரா?"

இளமாறன் கிழவரை மெல்ல நிமிர்த்தினான். ஸ்டெதஸ்கோப்பைக் கிழவரின் முதுகில் வைத்தான். வலப்பக்கம், அடியில், சட்டியில் உப்பு வறுபடுவதுபோல் நெறுநெறுவென்றது. நுரையீரலில் சளி கட்டியிருந்தது; நிமோனியா.

ஹாரன் மறுபடி அலறியது.

"எப்போலேருந்தும்மா இது?" என்றான்.

மங்கையர்க்கரசி ஊசி மருந்தை எடுக்க எழுந்தார்.

"சோறு இறங்காம, ஆள் தெரியாம, ரெண்டு நாளா கத்திக்கிட்டிருக்காரு. நீ போய் ஆட்டோவை அனுப்பிட்டு வா."