பந்துக்குப் பின்னால வைர மோதிரம்

மலைமேல கோல்ஃப் மைதானத்துல பை தூக்குறவன் பொம்மையன். மட்டையடிக்கிறவர் மில் முதலாளி சென்னியப்பன். அவரு சம்சாரம் சுடுற இனிப்பு ஒப்பிட்டுக்கு ஊரே வரிசையில நிக்கும், அது வேற கதை. குழிக்குப் பக்கத்துல வந்துட்டா இவருக்குப் பந்தே எழும்பாது. மட்டை பந்துக்குப் பின்னால மண்ணைத்தான் தோண்டும்.

"நீ மட்டையை ஒழுங்காத் துடைக்கலடா! அடுத்த மூணு பந்தும் குழிகிட்ட விழலைன்னா உனக்கு வேலை இல்ல"ன்னு கூட்டாளிங்க முன்னால கத்தினாரு.

பொம்மையன் மட்டையைத் துடைச்சான். "அந்த வைர மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க முதலாளி." வாங்கி, பந்துக்கு ஒரு கை அகலம் பின்னால புல்லுல வெச்சான்.

"டேய், நசுங்கிடும்டா!"

"மண்ணைத் தோண்டினாத்தானுங்க நசுங்கும்."

மனுஷன் மூச்சைப் புடிச்சு, முன்கால்ல சாஞ்சு, பந்தை மட்டும் தட்டினாரு. குழிகிட்டப் போய் நின்னுச்சு. அடுத்த ரெண்டும் அப்படியே.

"பாத்தியா? மட்டையைத் துடைச்சா எப்படிப் போகுது!"

"ஆமாங்க முதலாளி. மோதிரத்தை எடுத்துடறேன், இன்னொண்ணு அடிங்க."

"ஐயோ, எடுக்காதடா!"ன்னுட்டாரு மனுஷன்.

கூட்டாளிங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பொம்மையன் மோதிரத்தைப் பத்திரமா எடுத்துக்கிட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அடுத்த குழிக்கு நடந்தான்.