விருந்தாளியின் பங்கு

ஆற்றங்கரை மடத்தில் வெயிலுகந்தாள்தான் சமையல். மடத்துக்கு வந்து குருவிடம் உபதேசம் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. குருவைவிட அவளுக்கு ஆறேழு வயது கூடவே இருக்கும். ஆனாலும் அவரை ‘சாமி’ என்று கூப்பிடும்போது அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிடும்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் இருந்தாலும் ஒரு பங்கு கூடுதலாகச் சமைக்க வேண்டும். எந்த நேரத்திலும் யாராவது பசியோடு வரலாம். அந்தப் பங்கை வெயிலுகந்தாள் முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுவாள். சாயங்காலம்வரை யாரும் வராவிட்டால் செவலைப் பசுவுக்கு வைப்பாள்.

அவள் சாப்பிடுவது எல்லாரும் எழுந்த பிறகு. அடுப்படியில் நின்றபடியே பானையின் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டிக்கொள்வாள். ரசம் மிஞ்சினால் ரசம், இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும். சமைக்கிறவள் அப்படித்தான் சாப்பிட வேண்டும், அதுவும் ஒரு தவம் என்று அவளாகவே வைத்துக்கொண்டது. யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பானையோடு சாய்ந்தாள். நல்லவேளை, கஞ்சி பாதத்தில் மட்டும்தான் தெறித்தது.

“இது மூணாவது தடவை சாமி,” என்றார் சிற்றம்பலம். பந்தி பரிமாறுகிற சீடர் அவர். “அடுத்த தடவை அடுப்புக்குள்ளேயே விழுந்துருவாங்க. அக்காவுக்குப் பூக்கட்டுற வேலையைக் குடுத்துருங்க.”

வெயிலுகந்தாள் காதிலும் அது விழுந்தது. மற்றவர்களுக்குப் பாட்டு இருக்கிறது, ஏடு இருக்கிறது. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். உலை கொதிக்கும்போதுதான் அவளுக்குச் சாமி நினைப்பே வரும். அதையும் எடுத்துவிட்டால்?

அன்றைக்கே குருவிடம் போய் நின்றாள்.

“வலுவா ஒரு லேகியம் குடுங்க சாமி. நான் அடுப்படியிலேயே இருந்துக்கிறேன்.”

“உள்ளங்கையைக் காட்டுங்கம்மா.”

காட்டினாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

“செவலைக்கு என்ன மருந்து குடுக்கறீங்க?”

“மாட்டுக்கா? அதுக்கு எதுக்கு சாமி மருந்து? அது மினுமினுன்னு இருக்கே!”

“ஆமா, இருக்கு,” என்றார் குரு.

மறுநாள் ஒரு சிமிழைக் கொடுத்தார். உள்ளே சுண்டைக்காய் அளவில் உருண்டைகள், வேப்பிலைப் பொடியில் புரட்டியவை.

“நாற்பத்தெட்டு இருக்கு. தினம் ஒண்ணு. மெல்லாம முழுங்கிரணும். ஆனா பத்தியம் கடுமை.”

“எதை விடணும் சாமி? புளியா, உப்பா? பச்சத்தண்ணியோட கிடக்கச் சொன்னாலும் கிடப்பேன்.”

“விடறதுக்கு உங்ககிட்ட என்னம்மா இருக்கு? விருந்தாளிக்கு எடுத்து வைக்கிறீங்களே, அந்தப் பங்குதான் பத்தியம். பந்தியில எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடணும்.”

“விருந்தாளி சோத்தை நானா? பாவம் சாமி!”

“மருந்துக்குத்தானே.”

மருந்துக்கு என்றதும் ஒப்புக்கொண்டாள். பந்தியின் கடைசியில் கூனிக் குறுகி உட்கார்ந்தாள்.

“அடடா, அக்காவுக்கு முழங்கால் மடங்குமா!” என்றார் சிற்றம்பலம், கீரையை அள்ளி வைத்தபடி. “இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே.”

பத்தாம் நாள் பந்தி நேரத்துக்கு ஓர் உப்பு வியாபாரி வந்தார். மூடி வைத்த பங்கு அவர் இலைக்குப் போனது. வெயிலுகந்தாள் பாரம் இறங்கினவளாகக் காந்தல் பானையைத் தேடி எழுந்தாள். குரு தன் இலையை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் இன்னும் கை வைத்திருக்கவில்லை.

“பத்தியம் தப்பக் கூடாது,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குக் குரு பட்டினி. மறுநாள் உலையில் இன்னொரு பிடி அரிசி கூடப் போட்டாள். விருந்தாளிக்கு ஒரு பங்கு, பத்தியத்துக்கு ஒரு பங்கு.

மாதம் ஒன்று போயிற்று. கிணற்றடியில் மூச்சு வாங்காமல் நாலு குடம் இறைத்தாள். கண் இருட்டவில்லை. பூக்கட்டுகிற பேச்சைச் சிற்றம்பலமும் எடுக்கவில்லை.

கடைசி உருண்டை. இதைச் செய்யத் தெரிந்துகொண்டால் தானே செய்துகொள்ளலாமே என்று, முழுங்காமல் கடித்துப் பார்த்தாள். முதலில் வேம்பு. அப்புறம் வந்த ருசி சமையல்காரியின் நாக்குக்குத் தெரியாதா?

ஈரக் கையோடு ஓடினாள்.

“சாமி, இது கருப்பட்டி!”

“ஆமா.”

“கருப்பட்டியும் கொஞ்சம் சுக்கும். இதுல மருந்தே இல்லையே!”

குரு தலையசைத்தார்.

“சிமிழும் தீர்ந்துபோச்சு. மறுபடியும் விழுந்தா என்னை அடுப்படியில விடமாட்டாங்க சாமி. என் மருந்து எங்கே?”

“இன்னைக்கு என்ன சமையல்?”

“முருங்கைக்கீரை, பாசிப்பருப்பு, மோரு.”

“பங்கு எடுத்து வச்சாச்சா?”

“ரெண்டும் வச்சாச்சு. பத்தியம்தான் முடிஞ்சுதே, ஒண்ணைச் செவலைக்கு வச்சிரலாம்னு…”

“செவலை பொறுத்துக்கும்,” என்றார் குரு. “விருந்தாளி வந்து ஒன்பது வருஷமாச்சு. போய் இலையைப் போடுங்கம்மா.”