அச்சில் வார்க்காத கொழுக்கட்டை

“வாயத் தொறக்க மாட்டேங்கா டீச்சர்,” என்றார் சிவசைலம்.

ரெஜினா டீச்சர் கிண்ணத்தில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“இன்னைக்கு என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

“இட்லி. பாத்தா எவனும் அசல் இட்லின்னுதான் சொல்லுவான்.”

“மதினி என்ன சொன்னாங்க?”

“சொவத்தப் பாக்கத் திரும்பிக்கிட்டா.”

டீச்சர் கலக்குவதை நிறுத்தவில்லை.

சிவசைலம் முப்பது வருஷம் மிட்டாய்க் கடை மாஸ்டர். அவர் பிழிந்த ஜாங்கிரியை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஓரம் பிசகாது. அப்படிப்பட்டவர், தன் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பெண்ணை டீச்சர் என்று கூப்பிட்டு, ஆஸ்பத்திரி அடுக்களையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார். வார்டில் கேலி செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் மனைவி உலகம்மாளுக்குப் பங்குனியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. கெட்டியாகக் கொடுத்தால் புரையேறும். தண்ணீராகக் கொடுத்தாலும் புரையேறும். அரைத்த கூழ் ஒன்றுதான் கொடுக்கலாம்.

கூழைக் கண்டாலே உலகம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டார். உடம்பு பாதியாகிவிட்டது.

வியாழக்கிழமை வரை பார்ப்போம், அதற்குள் வாயால் சாப்பிடவில்லை என்றால் மூக்கில் குழாய்தான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று செவ்வாய்.

கூழை மறுபடியும் பண்டமாக்குவதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ரெஜினா டீச்சரின் வேலை. கடற்பாசியிலிருந்து எடுத்த மாவும், ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த பெக்டினும் இரண்டு சிட்டிகை போதும். கூழ் உறைந்து, ஊற்றிய அச்சின் வடிவத்தில் நிற்கும். ஆனால் பல்லே வேண்டாம், நாக்கை வைத்து அழுத்தினால் நசுங்கிவிடும்.

சிவசைலம் சீக்கிரம் கற்றுக்கொண்டார். முதல் நாள் மட்டும் போர் தண்ணீரில் கலந்துவிட்டார். அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பினால், அச்சில் ஊற்றும் முன்பே எல்லாம் திரிதிரியாகிவிட்டது. டீச்சர் திட்டவில்லை. ஒரு கேன் நல்ல தண்ணீரை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். அவ்வளவுதான் பாடம்.

“வேற என்ன அச்சு வாங்கட்டும் டீச்சர்? ஜாங்கிரி செஞ்சாச்சு, பணியாரம் செஞ்சாச்சு.”

“மதினி வீட்டுல என்ன செய்வாங்க?”

சிவசைலம் யோசித்தார். கடையிலேயே காலம் கழித்தவருக்கு வீட்டு அடுக்களை நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரமானது.

“பிடி கொழுக்கட்ட. வெள்ளிக்கெழம தோறும்.”

டீச்சர் தலையாட்டினார்.

புதன்கிழமை முழுவதும் சிவசைலம் அதிலேயே கிடந்தார். அரிசி மாவைப் பிசைந்து தன் கையால் ஒரு கொழுக்கட்டை பிடித்தார். பல் டாக்டர்கள் பல்லுக்கு அளவெடுப்பதும் கடற்பாசி மாவில்தான் என்று டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதே மாதிரி அந்தக் கொழுக்கட்டைக்கு அச்சு எடுத்தார். சோற்றுக் கூழில் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து அரைத்து, தலைமுடி அளவு திப்பியும் இல்லாமல் வடிகட்டி, ஊற்றி எடுத்தார். விரல் ரேகைகூடத் தெரிந்தது.

அவருக்கே கண் கலங்கிவிட்டது. தட்டில் வைத்து, ஓடாத குறையாக வார்டுக்குப் போனார்.

உலகம்மாள் கொழுக்கட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார்.

வியாழன் காலையில் சிவசைலம் டீச்சர் முன்னால் வந்து நின்றார். முகத்தைச் சவரம்கூடச் செய்யவில்லை.

“அச்சுல ஒரு கொறையும் இல்ல டீச்சர். நாலு வெரல் தடமும் அப்படியே விழுந்திருக்கு. என்னதான் வேணும் அவளுக்கு?”

“யாரு வெரல் அண்ணாச்சி?”

“எவன் வெரலு? என் வெரல்தான்.”

டீச்சர் அடுப்பை அணைத்தார். அரைத்து வைத்திருந்த கூழில் கடற்பாசி மாவையும் பெக்டினையும் கலந்தார். அது உறைவதற்கு எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். சிவசைலம் அச்சைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

“மதினி, கையக் காட்டுங்க.”

உலகம்மாள் இடது கையை நீட்டினார். டீச்சர் அதைக் கழுவித் துடைத்தார். ஒரு கரண்டி கூழை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

“டீச்சர், அது இன்னும் உறையல.”

“தெரியும்.”

உலகம்மாள் விரல்களை மூடினார். கூழ் விரலிடுக்கில் பிதுங்கிச் சேலையில் விழுந்தது.

டீச்சர் சேலையைத் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி வைத்தார். அதுவும் விழுந்தது.

சிவசைலம் வார்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் பெரிய டாக்டர் வந்துவிடுவார். சாப்பாட்டை இப்படி வீணடிக்கிறார்களே என்று வாய்வரை வந்துவிட்டது. தன் மனைவி தோற்பதை எல்லாரும் பார்க்கும்படி ஆகிறதே என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது கரண்டி வைக்கும்போது கூழ் கொஞ்சம் இறுகியிருந்தது.

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கை திறக்கவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும்.

பிறகு கையை விரித்தார்.

உள்ளங்கையில் ஒரு கொழுக்கட்டை இருந்தது. ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சப்பையாக. கடையில் இப்படி ஒன்று தட்டுக்கு வந்திருந்தால் சிவசைலம் வேலையாளின் சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார்.

அவர் அதை வாங்கி ஊட்டப் போனார். உலகம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மெல்ல, கொழுக்கட்டையைக் கணவரின் வாய்க்கு நேரே கொண்டுபோனார்.

“எனக்கா?”

உலகம்மாள் கை அங்கேயே நின்றது.

சிவசைலம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

சிவசைலம் பாதி கடித்தார். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் முப்பது வருஷம் மாஸ்டராக இருந்த நாக்கு, சும்மா கிடக்குமா?

“உப்பு கம்மி, உலகு.”

உலகம்மாள் முகத்தைச் சுளித்தார். கணவர் பேச்சை நம்பியதாகத் தெரியவில்லை. மீதிப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நாக்கை அழுத்தினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. புரையேறவில்லை.

“சரியாத்தான்… இருக்கு,” என்றார்.