நகர மறுத்த மருந்து

ஒரு காலத்தில், ஒரு மீன் ஏலக்காரரின் தொண்டையில் புற்றுக்கட்டி ஒன்று குடியேறியது. அவர் பெயர் சூசைமிக்கேல். துறைமுக இரைச்சலுக்கு மேலே ஒலித்த அவர் குரல் இப்போது வெறும் காற்றாக வந்தது.

"குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை," என்றார் மருத்துவர்.

"வேற வழியே இல்லையா டாக்டரம்மா? சத்தம் போச்சுன்னா நான் எப்படி ஏலம் விடுவேன்?"

"கதிர்வீச்சு கொடுத்துப் பார்ப்போம். கட்டி கரையாவிட்டால் ஆபரேஷன்தான்."

கதிர் வந்து அடித்தது. ஓரத்துச் செல்கள் செத்தன. கட்டியின் நடுவில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இருந்த செல் மட்டும் சிரித்தது.

"நீ என் டி.என்.ஏ. இழையை உடைக்கிறாய். நீ போனதும் நான் ஒட்டிக்கொள்கிறேன். உடைந்ததை உடைந்தபடி வைத்திருக்க இங்கே காற்று இல்லை."

"இன்னும் ஓங்கி அடிப்பேன்."

"அடித்துப் பார். எனக்கு முன்னால் பக்கத்து நல்ல செல்கள் கருகும்."

கதிர் அதற்கு மேல் ஓங்கவில்லை.

ஆய்வகம் ஒன்றில் பௌசியா என்ற வேதியியலாளர் இதற்காகவே ஒரு சேர்மத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். முதலில் பிறந்தது முரடு. நல்ல செல்களையும் சேர்த்துக் கொன்றது. அதன் நச்சுக் கிளையை நீக்கி இன்னொன்றைச் செய்தார்.

புதியது வருத்தப்பட்டது. "அண்ணனுக்கு இருந்த பல் எனக்கு இல்லையே அம்மா. நான் யாரைக் கொல்வேன்?"

"யாரையும் கொல்ல வேண்டாம். காற்றில்லாத இடத்துக்குப் போ. உடைந்த நுனி தெரிந்தால் பிடித்துக்கொள். விட்டுவிடாதே."

சோதனைகளையெல்லாம் தாண்டி அது சூசைமிக்கேலின் இரத்தத்தில் இறங்கியது. வழியில் நல்ல செல்கள் மிரண்டன.

"பயப்படாதீர்கள்," என்றது. "உங்களிடம் மூச்சு இருக்கிறது. எனக்கு இங்கே வேலை இல்லை."

கட்டியின் நடுவுக்கு அது வந்து சேர்ந்தபோது செல் அதை மேலும் கீழும் பார்த்தது.

"ஆயுதம் எங்கே?"

"இல்லை."

"அப்படியானால் ஓரமாக இருந்துகொள்."

சேர்மம் இருந்துகொண்டது. கதிர் வழக்கம்போல் வந்தது, அதே அளவாகத்தான் அடித்தது. இழை முறிந்தது. செல் அலட்டிக்கொள்ளாமல் ஒட்டப் போனது. முறிந்த நுனியில் சேர்மம் உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் நகரு."

"மாட்டேன்."

"நகரு என்கிறேன்! நீதான் யாரையும் கொல்ல மாட்டாயே?"

"கொல்லவில்லை. நகரவும் மாட்டேன்."

செல் மற்ற நுனிகளுக்கு ஓடியது. அங்கும் அதன் உடன்பிறப்புகள் அசையாமல் இருந்தன. ஒட்ட முடியாத இழைகளோடு செல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"என்னைக் கொன்றது யார்?" என்று கேட்டது.

"நான் உடைத்தேன். அதைத்தான் எப்போதும் செய்தேன்," என்றது கதிர்.

 நுனியோடு நுனியாகச் சேர்மமும் தீர்ந்துபோயிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், சூசைமிக்கேல் கட்டிலில் இருந்தபடி மனைவியிடம் தண்ணீர் கேட்டார்.

அடுக்களையில் இருந்த அவளுக்கு அது கேட்டது.